வெட்டிய பத்தி

ஈரோடு
14-9-2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கண் அறுவைக்குப் பிறகு நீ எழுதிய முதல் கடிதம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வரிகள் நேராக ஓடுகின்றன. எனக்கு இடது கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். புரட்டாசி பிறக்க மூன்று நாள்தான் இருக்கிறது என்று வீட்டில் இன்று நாட்டுக்கோழிக் குழம்பு. மகன் குடும்பத்தோடு வந்திருக்கிறான். பேத்தி என் பேனாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதால் இது அவளுடைய பச்சை மையில் வருகிறது, பொறுத்துக்கொள்.

பள்ளிபாளையம் கிட்னி விவகாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். "ஓர் அசிங்கம் வெளியே வந்து நாறினால்தான் நம் ஊரில் எதுவும் நடக்கும், அந்த வகையில் இந்தப் பரபரப்பும் நல்லதுதானே" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். எங்கள் கருங்கல்பாளையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இந்த வருடம் ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, பாலத்தில் நின்றால் நேரம் போவதே தெரியாது. ஜூலையில் செய்தி வெடித்தபோது துண்டு வாங்கும் சாக்கில் அக்கரைக்குப் போனேன். தொலைக்காட்சி வண்டிகள் நின்றன. விசைத்தறிக் கூலிகள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றிருக்கிறார்கள், தரகர்கள் அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு சேனலும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கரையில் இது யாருக்கும் புதிதில்லை. டீக்கடையில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இப்போது எந்த ஊர் என்று கேட்கிறவன், பள்ளிபாளையம் என்றதும் முகத்தைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறான்." அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்து நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

உனக்குச் சென்னை வில்லிவாக்கம் நினைவிருக்கும். 1989-இல் நாம் அறையெடுத்துத் தங்கியிருந்தபோதே அந்த ஊரைக் கிட்னிவாக்கம் என்றுதான் ஆட்டோக்காரர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். தெருமுனையில் இட்டிலி விற்ற அக்கா ஒரு நாள் குழாயடியில் குடத்தைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று கேட்டதற்குச் சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுப்பக்கம் வரை தழும்பு, பாதி ஒட்டியாணம் போல. முருங்கையை வெட்டினால் துளிர்ப்பது மாதிரி அது மறுபடியும் வளர்ந்துவிடும் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்களாம். அன்றிலிருந்து அறையைக் காலி செய்யும்வரை அவள் குடத்தை நீதான் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாய். நான் என்ன செய்தேன்? அடுத்த வருடம் பத்திரிகையில் உதவியாசிரியர் வேலை கிடைத்தபோது, இதை ஒரு நாள் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு சரி.

அப்போது அது குற்றமே இல்லை என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சிறுநீரகம் தேவை, இன்ன ரத்தப் பிரிவு என்று வரி விளம்பரமே வரும். பிறகு கூச்சல் எழுந்தது, 1994-இல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது, விற்பதும் வாங்குவதும் குற்றமாயின. மூளைச்சாவை மரணம் என்று ஏற்றதும் அதே சட்டம்தான். இதுவரை உன் பக்கம்தான் நியாயம். நாறாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வாசலும் இருந்தது. உறவினர் அல்லாதவரும் பாசத்தினாலோ பற்றினாலோ கொடுக்கலாம்; ஒப்புதல் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். யோசித்துப் பார். அதுவரை பார்த்தே இராத ஒரு பணக்காரர் மேல் தனக்கு உயிரையே கொடுக்கும் பாசம் என்று ஒரு தறிக்கூலி குழுவின் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று தரகன் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவான். சந்தை மூடவில்லை, வீதியிலிருந்து கொல்லைப்புறத்துக்குப் போனது.

2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தார்கள். விற்றுச் சராசரியாக ஆறு ஆண்டு ஆகியிருந்தது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. உடம்பில் வலுக் குறைந்தால் கூலியும் குறையத்தானே செய்யும். நம் இட்டிலி அக்காவின் குடத்தை அவர்கள் எண்களில் எழுதியிருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைக்கிறேன், செய்தி மேசையில் இரவுப் பணி. கிட்னித் தரகர் ஒருவர் கைதான செய்தியை நிருபர் அனுப்பியிருந்தார். நல்ல பையன், கால் தேய அலைந்து எழுதியிருந்தான். கைது, மருத்துவமனை, போலீஸ் சொன்னது எல்லாம் மேலே. கடைசிப் பத்தியில், விற்ற பெண்ணுக்கு யாரிடம் எவ்வளவு கடன், வாரம் எவ்வளவு வட்டி, அதைக் கட்ட வேறு யாரிடம் வாங்கினாள் என்ற கணக்கு இருந்தது. பதினொரு மணிக்கு ஒரு விளம்பரம் உள்ளே வந்தது. மூன்று அங்குலம் குறைக்க வேண்டும். செய்தியை எப்போதும் வாலிலிருந்துதான் வெட்டுவோம், முக்கியமானது மேலே இருக்கும் என்பது பாடம். வெட்டினேன். மறுநாள் தலைப்பு நன்றாக இருக்கிறது என்று ஆசிரியர் முதுகில் தட்டினார்.

அன்றிலிருந்து எத்தனை வந்திருக்கும்! 2007 ஜனவரியில் வடசென்னை எர்ணாவூர். சுனாமிக்குப் பிறகு கடற்கரையிலிருந்து கொண்டுபோய் அங்கே குடிவைத்த மீனவக் குடும்பங்களில் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வந்தது. கடல் தூரமாகிவிட்டது, தொழில் இல்லை, கடன் ஏறியது. நாடே பார்த்தது. யாரைத் தேடினோம்? தரகரை, டாக்டரை. நானும் அதைத்தான் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டது அதே பத்திதான், சுந்தரம். தரகர் பெயர் நம் எல்லோருக்கும் தெரிந்தது, வட்டிக்காரன் பெயர் எவனுக்கும் தெரியவில்லை. பரபரப்புக்கு ஒரு முகம் வேண்டும். வாராவாரம் வீடு தேடி வரும் வட்டிக்கு முகம் கிடையாது. அது பக்கத்துத் தெருக்காரர், சில சமயம் சொந்தக்காரர்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் தப்பு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, போக்குவரத்தை நிறுத்தி அந்த இதயத்தை முகப்பேருக்குக் கொண்டுபோனார்களே, அது நம் சனங்களிடம் செய்ததைப் பத்து கைதுச் செய்திகள் செய்யவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் தாமாகவே முன்வந்தன. அசிங்கத்தைக் காட்டித்தான் கண்ணைத் திறக்க வேண்டும் என்ற உன் கட்சி அங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆனாலும் அந்த மாற்றம் நோயாளியின் வரிசையைத்தான் குறைக்கும். விற்கிறவன் வீட்டுக் கடன் நோட்டு அப்படியேதான் இருக்கும்.

கடனுக்கென்றே ஒரு சட்டம் இல்லாமல் இல்லை. அதன் கதையும் இதே மாதிரிதான். தறிக்காரர்களும் கூலிக்காரர்களும் வட்டிக்கு அஞ்சி மருந்தைக் குடித்துச் சாவது எந்தக் காலத்திலும் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தி. 2003 மே மாதம் திரைப்படத் தயாரிப்பாளர் ஜி.வெங்கடேஸ்வரன் கடன் நெருக்கடியில் தற்கொலை செய்துகொண்டார், அந்த ஆண்டே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் தமிழாகவே இருக்கின்றன. இந்தச் சொற்களுக்கு இங்கிலீஷ்காரனிடம் ஈடு கிடைக்கவில்லை போலும். நம் மொழி வளத்தை நினைத்து அன்று சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிப் புகாரோடு வந்த ஒரு குடும்பமே, சின்னக் குழந்தைகள் இரண்டோடு, தீயில் போனதை நீயும் பார்த்திருப்பாய். அந்தப் படம் ஒரு வாரம் எல்லார் கையிலும் இருந்தது. அதன்பின் ஆட்சியர் அலுவலக வாசல்களில் உறுதியாக நடந்தது ஒன்று: மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைச் சோதிப்பதைக் கடுமையாக்கினார்கள்.

சென்ற மாதம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பள்ளிபாளையம் விவகாரத்தை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்துவிட்டது. நல்லது. தொலைக்காட்சி வண்டிகள் அதற்கு முன்பே போய்விட்டன.

ஓய்வுபெற்ற பிறகு மனு எழுதிக் கொடுக்கும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, காசு வாங்குவதில்லை. சென்ற வாரம் அக்கரையிலிருந்து ஓர் ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும், லுங்கித் தறி ஓட்டுகிறவர், காதில் சத்தம் குடியேறிவிட்டதால் பேசும்போது கத்துவார். மனைவி தறிக்கு நூல் சுற்றுகிறாள். பட்டறையில் வாங்கிய முன்பணம் தீராததால் வேறு பட்டறைக்கும் போக முடியவில்லை. அவருக்கும் தழும்பு இருக்கிறது. நான் என் பழக்கத்தில் தாளை எடுத்து, எந்த வருடம், எந்த ஊர் மருத்துவமனை, யார் அழைத்துப் போனது என்று தொடங்கினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அது முடிந்துபோனது ஐயா. அதை எழுதினால் அதைத்தான் கேட்பார்கள். வட்டியை எழுதுங்கள்."

சட்டைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். வாங்கியது ஐம்பதாயிரம். வாராவாரம் கட்டியது நீல மையில், கட்டாத வாரம் சிவப்பில். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு, அவள்தான் எழுதுகிறாளாம், கூட்டலெல்லாம் சரியாக இருக்கிறது. சிறுநீரகத்துக்குக் கிடைத்த பணமும் அதில் ஒரு வரியாக இருந்தது. "மொத்தமாகக் கட்டியது" என்று எழுதி, தேதி போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஏழு வாரம் எதுவும் இல்லை. எட்டாவது வாரம் மறுபடியும் நீலம்.

ராத்திரி உட்கார்ந்து மனுவை மூன்று முறை திருத்தினேன். கணக்கு முதல் பத்தியில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம் வந்தது, எதையும் குறைக்கவில்லை.

நாளை திங்கட்கிழமை, நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஐந்தரை மணிக்குப் பாலத்தின் அக்கரையில் சந்தித்து, திருச்செங்கோடு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. வீட்டில் உன் தங்கை போக வேண்டாம் என்கிறாள். முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு என்று. போய் வந்து எழுதுகிறேன். வில்லிவாக்கத்து அறை எடுத்த வருடத்து டைரி உன்னிடம் இருந்தால், அந்த அக்காவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார். எனக்கு நினைவில் வரவே இல்லை.

அந்த ஆள் இப்போதுதான் போன் செய்தார். நோட்டை மறக்காமல் எடுத்து வைத்துவிட்டாராம். என்னைத் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்றார், வாசலில் திறந்து முகர்ந்து பார்ப்பார்களாம், அதிலேயே பாதி நேரம் போய்விடுமாம்.

அன்புடன்,
ராஜு