சாப்பிட்ட பிறகு காபி, அதன் பிறகு நடை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வேகநடை தொடங்கிவிட்டீர்கள் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். நானும் வழக்கம்போல் சைக்கிள் ஓட்டி வருகிறேன். காலை உணவுக்குப் பின் சர்க்கரையில்லாத காபியைக் குடித்துவிட்டு நடந்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் இதில் நெடுநாள் ஆர்வம் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை வெறும் விளம்பரத்தில் பிறந்ததன்று. காபியிலுள்ள ஊக்கப்பொருளான காஃபீன், அட்ரினலின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் கூட்டுகிறது. அட்ரினலின் கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. 330 மில்லிகிராம் காஃபீன் உள்ள காபியைக் குடித்த சைக்கிள் வீரர்கள் களைத்து நிறுத்தும்வரை ஏறத்தாழ 90 நிமிடமும், காஃபீன் நீக்கிய காபியைக் குடித்தபோது 75 நிமிடமும் ஓட்டினார்கள் என்று 1978-இல் அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் காஸ்டில் குழுவினர் வெளியிட்டபோது, கொழுப்பு கூடுதலாக எரிந்ததே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. ஆனால் மாவுச்சத்து மிகுந்த உணவுமுறை, உடற்பயிற்சியின்போது காஃபீன் ஏற்படுத்தும் இந்த மாற்றத்தை இல்லாமல் செய்துவிடுகிறது என்று தென்னாப்பிரிக்க விளையாட்டு அறிவியலாளர் டிம் நோக்ஸ் இடம்பெற்ற ஆய்வுக் குழு 1987-இல் எழுதியது. நீங்கள் கேட்ட கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின், சேமிப்பிலிருந்து கொழுப்பு வெளியேறுவதை அடக்குகிறது; குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போது தசைச் செல்லும் கொழுப்பு அமிலங்களை, அவற்றை எரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எளிதில் விடுவதில்லை. காஃபீன் வெளியிலிருந்து கதவைத் தள்ள, இன்சுலின் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பது போன்ற நிலை அது. உணவின் அளவு, அதிலுள்ள மாவுச்சத்து, சாப்பிட்டுக் கழிந்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்து இந்தப் பிடி தளரும் என்றாலும், நிறைவாகச் சாப்பிட்டவருக்குச் சில மணி நேரம் அது நீடிக்கும்.

வெறும் வயிற்றில் நடந்தால்தான் என்ன? ஒரு பேச்சுக்கு, காஃபீனால் நிமிடத்துக்கு 0.1 கிராம் கொழுப்பு கூடுதலாக எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 6 கிராம், அதாவது 54 கலோரி, ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. தவிர, பயிற்சி நேரத்தில் கொழுப்பைக் கூடுதலாக எரித்த உடல், மீதிப் பொழுதில் குறைவாக எரித்துக் கணக்கை ஏறத்தாழச் சரிசெய்துகொள்கிறது. 2014-இல் இளம்பெண்கள் 20 பேரைக் கொண்டு, வெறும் வயிற்றில் பயிற்சி செய்தவர்களையும் சாப்பிட்டுவிட்டுச் செய்தவர்களையும் நான்கு வாரம் ஒப்பிட்ட ஆய்வில், கொழுப்பு குறைந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே காபியை விட்டுவிடச் சொல்லவில்லை. களைப்பை உணர்த்தும் அடினோசின் அமர வேண்டிய இடங்களை மூளையில் காஃபீன் பிடித்துக்கொள்வதால், அதே வேகம் சற்று எளிதாகத் தோன்றும். இந்தப் பயனைச் சாப்பாடு பறித்துவிடுவதில்லை. அந்தத் தெம்பில் இன்னும் கொஞ்சம் விரைவாகவோ நெடுநேரமோ நடந்தீர்களானால், அதுவே என் கணக்கில் உண்மையான ஆதாயம். விளையாட்டு வீரர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராமில் தொடங்கும் அந்த அளவுக்கு நடைப்பயிற்சி செய்பவர் முயல வேண்டியதில்லை, ஒரு கோப்பை போதும். குடித்து முக்கால் மணி நேரம் கழித்துப் புறப்படுங்கள்.

மாலை நடைக்கு மட்டும் இது வேண்டாம். காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசிதான் கூடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதால் உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்