கலாவுக்கு, ஆபரேஷனுக்கு முன்னால்

அன்புள்ள கலா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த சேதியை இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அடுத்த மாதம் பித்தப்பைக்குச் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்பதைக் கடைசியில் எழுதிவிட்டு, கத்தியைவிட வாந்திக்குத்தான் பயம் என்கிறாய். அந்தப் பயம் எனக்குத் தெரியாதா?

எனக்குக் கர்ப்பப்பை எடுத்த ராத்திரி முழுக்க ட்ரேயை ஏந்தி நின்றவள் நீதானே. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் தையல் பிய்ந்துவிடும் போல இழுக்கும். தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொள்வேன். வந்ததெல்லாம் மஞ்சள் பித்தநீர். மயக்க மருந்தென்றால் அப்படித்தான் என்றார்கள், நாமும் நம்பிவிட்டோம்.

போன வருடம் ஹெர்னியா ஆபரேஷனுக்கு முதல்நாள், மயக்க மருந்து டாக்டரம்மா வந்து உட்கார்ந்து, பஸ்ஸில் வாந்தி வருமா என்று கேட்டார். கொடைக்கானல் போனபோது வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்காமல் போன கதையைச் சொன்னேன், பழைய ஆபரேஷன் கதையையும் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பெண், புகை பிடிக்காதவர், பஸ்ஸிலோ முன்பு ஆபரேஷனிலோ வாந்தி எடுத்தவர், பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுபவர். இந்த நான்கும் இருந்தால் நூற்றுக்கு 80 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருமாம். ஒன்றுமே இல்லாவிட்டால் 10 பேருக்கு. 1999இல் ஆப்ஃபெல் என்ற டாக்டர் போட்ட கணக்கு இது.

அதனால் எனக்கு வாந்தியைத் தடுக்க முன்கூட்டியே இரண்டு மருந்து கொடுத்தார்கள். டெக்ஸாமெத்தசோன் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் மயக்கம் கொடுத்த உடனேயே. ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம் ஆபரேஷன் முடியும் சமயத்தில். இரண்டும் வேறு வேறு வழியில் வாந்தியைத் தடுப்பதால் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம். மயக்கத்துக்கும் வாயு வைக்காமல் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை நரம்பு வழியாகவே ஏற்றினார்கள், அதிலும் வாந்தி குறைவாம். கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, அவ்வளவுதான். சாயந்திரம் கஞ்சி குடித்தேன் கலா, நம்புவாயா?

உனக்குச் சர்க்கரை இருப்பதை அவர்களிடம் அவசியம் சொல். டெக்ஸாமெத்தசோன் அதைக் கொஞ்சம் ஏற்றும், பார்த்துக் கொடுப்பார்கள். இதயத் துடிப்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல், ஒண்டான்செட்ரானுக்கு அது முக்கியம். அப்புறம், தடுத்தும் வாந்தி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதே, உடனே நர்ஸைக் கூப்பிடு. முதல் ஆறு மணி நேரத்துக்குள் அதே ஊசியைத் திரும்பப் போடுவதில் பெரிய பயனில்லை, வேறு வகை மருந்து கொடுப்பார்கள்.

அன்றைக்கு யாராவது நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போதும் மனசு ஆறவில்லை. உன்னிடம் கேட்காவிட்டால் நீயாகவே சொல்லிவிடு. நம் ஸ்கூல் டூரில் எனக்கு அடுத்த சீட்டில் நீயும் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு வந்தவள்தானே.

தேதி தெரிந்ததும் எழுது. முதல்நாளே வந்துவிடுகிறேன், ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
வசந்தா