மெயில் அனுப்பும் முன்

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பா,

வேலை கேட்டு ஓசூர் கம்பெனிக்கு அனுப்ப வைத்திருக்கும் மெயிலைப் படித்தேன். படிப்பு, பயிற்சி விவரமெல்லாம் சரி. ஆனால் 'தாழ்மையுடன்', 'தங்கள் கருணையால்' என்று வரிக்கு வரி ஏன் குனிகிறாய்? ராஜாஜி சாலையில் துறைமுகச் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் எங்கள் கிளியரிங் ஆபீஸுக்கு ஆள் எடுக்கும்போது வரும் மெயில்களை முதலில் திறப்பவன் நான். யார், எந்த வேலைக்கு, எப்போது சேர முடியும் என்பதைத் தேடவிடாமல் சொல்கிற பிள்ளைதான் எங்களை மதிப்பதாக நினைப்போம்.

அதனால் சப்ஜெக்டில் வேலையின் பெயரும் உன் பெயரும் இருக்கட்டும். ரெஸ்யூமை பிடிஎஃப் ஆக்கி, ஃபைலுக்கும் உன் பெயரையே வை. 'நியூ ஃபைனல் 2' என்று வந்தால் அது யாருடையது என்று எப்படித் தெரியும்? முதலில் ஃபைலை இணைத்துவிடு, முகவரியைக் கடைசியில் போடு. பாதியில் கை தவறினாலும் மெயில் போகாது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த முதலில் 5 வினாடிதான் இருக்கும். செட்டிங்ஸில் அதை 30 ஆக்கிக்கொள். பத்து கம்பெனி முகவரியை ஒரே மெயிலில் அடுக்காதே, யார் யாருக்கு அனுப்பினாய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

போனுக்கு வருவோம். காலர் டியூனை எடுத்துவிடு. தெரியாத நம்பர் என்றாலும் "வணக்கம்" சொல்லி உன் பெயரையும் சொல். பஸ்ஸில் இருந்தால் கத்திப் பேசாமல், "சார், சத்தமா இருக்கு, பத்து நிமிஷத்துல நானே கூப்பிடட்டுமா?" என்று கேள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டுவிடு. இன்டர்வியூ தேதி, இடம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார். போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடு. சொல்லாமல் வராதவர்களுக்காக ரூமில் காத்திருந்து மேனேஜர்கள் எரிச்சலாவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். வீடு எங்கே என்று கேட்டால் நம் வடசென்னைப் பிள்ளைகள் சிலர் சென்ட்ரல் பக்கம் என்று மழுப்புகிறார்கள். காசிமேடு, வியாசர்பாடி என்று சொன்னால் போனை வைத்துவிடுவார்களோ என்ற பயம். நீ தண்டையார்பேட்டை என்றே சொல். இங்கிருந்து எத்தனை பேர் துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்! போனில் நம் பேச்சு எட்டிப்பார்த்தாலும் பரவாயில்லை. நிதானமாக, முழு வாக்கியமாகப் பேசு, போதும்.

வேலை தருகிறோம், முதலில் டெபாசிட் கட்டு என்று எவன் கேட்டாலும் பணம் அனுப்பாதே, ஓடிபி சொல்லாதே. தெரியாமல் பணம் போய்விட்டால் பயந்து மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் அடி, அப்புறம் எனக்குச் சொல்.

மெயிலைத் திருத்தி இன்றைக்கு ராத்திரியே எனக்கு ஒருமுறை அனுப்பு. எத்தனை மணியானாலும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். காலையில் அவர்கள் ஆபீஸ் திறக்கும்போது அது அங்கே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா