அழுகிப்போன மூன் கேக்டஸ்: பணமும் பதிலும் கேட்டு ஒரு புகார்

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையச் செடிக்கடையில் வாங்கிய மூன் கேக்டஸ் என்ற கள்ளிச்செடி அழுகிப்போனதைச் செயலியில், மின்னஞ்சலில், தொலைபேசியில் என்று எல்லா வழியிலும் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "ஆர்டர் எண் சொல்லுங்கள்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால் இந்தக் கடிதம்.

செடியைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளைப் பீங்கான் தொட்டி, பச்சைத் தண்டின்மேல் உருண்டையாகச் சிவப்புத் தலை, அதேதான். உடன் வந்த அட்டையில் "தினமும் அரை டம்ளர் தண்ணீர்" என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். அப்படியே ஊற்றினேன். ஐப்பசி மழையில் சுவரே ஈரம் கசிந்த நாட்களிலும் ஊற்றினேன். மழைக்காலத்துக்கு என்று அட்டையில் தனியாக ஒன்றும் இல்லையே!

செடி ஒரு பக்கம் சாய்ந்ததும் பிடுங்கிப் பார்த்தேன். மேலே பரப்பிய கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். கடலை மிட்டாய்ப் பாளம்போல மொத்தமாகக் கையோடு வந்தன. அடியில் வெறும் தேங்காய் நார்த்தூள், பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. பச்சைத் தண்டின் அடிப்பகுதி பழுப்பேறி, விரல் பட்டதும் நசுங்கி நாறியது. தொட்டியைக் கவிழ்த்தால் ஓர் ஓட்டைகூட இல்லை. ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? கல்லை ஒட்டிவிட்டால் மண் காய்ந்ததா என்று விரல் விட்டுப் பார்ப்பது எப்படி?

இவ்வளவையும் படம் எடுத்து அனுப்பிய பிறகு உங்கள் பிரதிநிதி சொன்னது: "கள்ளிச்செடியைக்கூட வளர்க்கத் தெரியாதவர் பிளாஸ்டிக் செடி வாங்கியிருக்கலாமே?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றுதானே முதலில் சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். சிவப்புத் தலையை அறுத்து மணலில் நட்டால் வேர்விடும் என்று யோசனை சொன்னவரும் அவரே. அதில் பச்சையமே கிடையாது. கீழே இருக்கும் டிராகன் பழக் கள்ளியில் ஒட்டுக்கட்டியதால்தான் அது உயிரோடு இருக்கிறது. தனியாக நட்டால் பிழைக்காது. எங்கள் தெருமுனையில் செடி விற்கும் அம்மாவுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்னார் என்றால் இன்னும் மோசம்.

கிடங்குக்கு நேரில் கொண்டுவரச் சொன்னீர்களே, அது தனிக் கொடுமை. விடுப்பு எடுத்து, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து மாதவரம் வரை பஸ்ஸில் வந்தேன். "இங்கே செடியைத் திரும்ப வாங்குவதில்லை" என்று காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் நிறுவனத்தில் விதி தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் அன்றே சொன்னார். இனி இந்தப் பேச்சைக் காலமெல்லாம் கேட்க வேண்டியது நான். புதுவீட்டில் நிம்மதியே போய்விட்டது. இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

இருந்தாலும் மரியாதையாகவே கேட்கிறேன். ரூ. 649-ஐ என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். கூப்பன் வேண்டாம், உங்களிடம் இனி ஒரு துளசிகூட வாங்கமாட்டேன். அந்த அட்டையை மாற்றுங்கள். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர், மழைக்காலத்தில் இன்னும் குறைவு, அடியில் ஓட்டை உள்ள தொட்டி என்று போட எவ்வளவு மை செலவாகும்? சிரித்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது உங்கள் கடமை. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு நேரே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்பேன், குறைக்கமாட்டேன். அந்த அளவுக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அட்டை, ஒட்டிய கற்கள், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் சாட்சியத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாடிக்கையாளர்,
மேற்குத் தாம்பரம்