நர்சம்மா பேச்சைக் கேட்டவர்களுக்கு 200 ரூபாய்

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதியோர் ஓய்வூதியம் பற்றித்தான் எழுதுகிறேன். 1980களில் பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்களின் பெயர் எழுதிய தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். "ரெண்டு போதும்மா, ஆபரேஷன் பண்ணிக்கோ" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட காலம் அது. இத்தனை பேருக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய வேண்டும் என்ற இலக்கு முறை 1996இல் எடுக்கப்படும்வரை எண்ணிக்கை காட்டியாக வேண்டும். மாமியார்கள் வாசலிலேயே திட்டி அனுப்புவார்கள். அவர்களுக்குத் தெரியாமல் மருமகள்கள் பம்படிக்கு வந்து என்னிடம் பேசுவார்கள். என்னை நம்பித்தான் வந்தார்கள். நான் அரசாங்கத்தின் பேச்சைத்தான் அவர்களிடம் சொன்னேன்.

2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. அப்படியானால் 2001இல் 6.24 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011இல் ஏன் 7.21 கோடியானது என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு முன்பு பிறந்த பெண்பிள்ளைகள் மொத்தமாகத் தாயாகும் வயதுக்கு வந்தார்கள். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பிறப்பு மிகுதியாகவும், இறப்பு அதைவிடக் குறைவாகவும் இருந்தது. இப்போது பெரிய தலைமுறைகள் ஒவ்வொன்றாக முதுமைக்குள் நுழைகின்றன, பின்னால் வரும் வரிசையோ சிறுத்துவிட்டது. 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் பதினெட்டுப் பேர் இருப்பார்கள் என்று மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவே கணித்திருக்கிறது. பீகாருக்கு அதே கணிப்பு பதினொன்று.

1985இல் நான் ஆபரேஷனுக்கு அழைத்துப்போன 25 வயதுப் பெண்ணுக்கு இன்று 65க்கு மேல். இருக்கிற ஒரே மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறான். ஓ.ஏ.பி. என்கிற முதியோர் ஓய்வூதியப் பணம் கொடுக்க ஆள் கைரேகை மிஷினோடு வரும் நாளில் இவரைப் போன்றவர்கள் திண்ணையில் காத்திருக்கிறார்கள். களை பறித்தே தேய்ந்த விரல், ரேகை விழ மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரில் ஓர் அக்கா சேலைத் தலைப்பில் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து ஐந்து முறை வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கையில் வருவது 1,200 ரூபாய். அதில் உங்கள் பங்கு 200. 2007இல் திட்டத்தை விரிவாக்கியபோதும் 200, இன்றும் 200. எண்பது வயது ஆனால்தான் 500. எனக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஏறுகிறது. அரிசியும் மாத்திரையும் எனக்கு ஒரு விலை, அவர்களுக்கு ஒரு விலையா?

ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கை உயர்த்துங்கள். விலைவாசியோடு சேர்ந்து அது தானாக ஏறும்படி விதி எழுதுங்கள். ரேகை விழாதவர்களுக்கு அங்கேயே, அதே நாளில், வேறு வழியில் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். நான் அழைத்துப்போனவர்களில் சிலர் இப்போதே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்