வீணைக்கும் மேடையில் நேரம் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளூர் இசை நிகழ்ச்சிகளைப் பற்றிய தங்கள் ஞாயிறு இதழ்ச் செய்தியில், வீணைக் கலைஞர் மேடையில் நெடுநேரம் சுருதி சேர்த்ததால் கச்சேரி தாமதமானதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். குறை கலைஞருடையதன்று. வெளியே 31 டிகிரி வெப்பத்தில் இருந்த வீணை குளிரூட்டிய அரங்குக்குள் வந்ததும் உலோகத் தந்திகள் சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்குகளின் சூட்டில் மீண்டும் இறங்கும். நான்கு வாசிப்புத் தந்திகள், தாளத்துக்காக மீட்டும் மூன்று தாளத் தந்திகள் என ஏழு தந்திகளையும் ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்தாக வேண்டும். தந்திகளுக்குக் கீழே குறுக்காக இருக்கும் மெட்டுகள் எனப்படும் 24 உலோகக் கட்டைகளும் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. வெயிலில் நிறுத்திய காரில் வீணையை விட்டுவைத்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். அதை மேடையில் திருத்த முடியாது.

ஏற்பாட்டாளர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே குளிரூட்டியையும் விளக்குகளையும் போட்டு, வீணையை மேடையிலேயே வைத்திருக்க அனுமதிக்கலாம்.

– வீணை ஆசிரியை, தோ பாயோ