வேட்டைச் சங்கத்தின் செயலாளர் அறிக்கை: 2024 மான் பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2024 மான் பருவம் செப்டம்பர் 14 அன்று வில் வேட்டையோடு தொடங்கியது. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பண்ணைக் குத்தகை புதுப்பிக்கப்பட்டது, பரண்களின் வார்ப்பட்டைகள் அனைத்தும் மாற்றப்பட்டன, யாரும் விழவில்லை. நிர்வாகத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மீதி நேரத்தை, ஆண்டு முழுவதும் உறுப்பினர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குச் செலவிடுகிறேன்: முதிர்ந்த கலைமான் (ஆண் மான்) வேண்டுமென்றால் எந்த வாரத்தில் விடுப்பு எடுப்பது?

நம்மில் பலரும் அலுவலக விடுப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்கள். அந்த விடுப்பை ஆண்டுதோறும் துப்பாக்கிப் பருவத்தின் முதல் வாரத்துக்கே எழுதிவைத்துவிடுகிறோம். விருந்தும் கூட்டமும் அப்போதுதான் என்பது உண்மை. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். இம்மாநிலத்தின் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம், நவம்பரின் நான்காம் வியாழனான நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். 2024இல் அந்த நாள் நவம்பர் 28. அதற்குமேல் பிந்தவே முடியாது. ஆகவே வேட்டை தொடங்கியது 23ஆம் தேதி. இங்கே பிணைகளில், அதாவது பெண் மான்களில், பெரும்பாலானவை கருத்தரிப்பது நவம்பர் நடுவில். நாம் துப்பாக்கியோடு பரண் ஏறியபோது கல்யாணம் முடிந்து பந்தலே பிரித்தாகிவிட்டது. போதாக்குறைக்கு மாநிலம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள் ஒரே காலையில் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அனுபவப்பட்ட கலைமான் முதல் வெடிச்சத்தத்திலேயே முட்புதருக்குள் படுத்துவிடும். பொழுது சாயும் வரை அசையாது.

இணைகூடும் காலத்தைத் தீர்மானிப்பது குளிர் அல்ல, பகலின் நீளம். பகல் குறையக் குறைய உடலின் சுரப்புகள் மாறுகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள். நவம்பரில் கருத்தரித்தால் குட்டி மே கடைசியிலோ ஜூனிலோ, புல் தழைத்திருக்கும் வேளையில் விழும். அதனால்தான் ஆண்டுதோறும் இந்தத் தேதிகள் அதிகம் நகர்வதில்லை. வானிலை மாற்றுவது ஒன்றைத்தான்: கலைமான் நடமாடுவது பகலிலா இரவிலா என்பதை. சென்ற அக்டோபர் கடைசியில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குளிர்கால ரோமம் வளர்ந்த உடலோடு எந்த மான் அந்த வெயிலில் அலையும்? நம் கேமராக்களில் நல்ல கலைமான்கள் எல்லாம் நள்ளிரவுப் படங்களாகவே விழுந்தன. "மான் வெளியேறிவிட்டது" என்று சிலர் முடிவுகட்டினார்கள். மான் அங்கேயேதான் இருந்தது. பகலில் நிழலை விட்டு நகரவில்லை.

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். முதிர்ந்த கலைமானுக்கு ஏற்ற நாட்கள் இணைகூடலின் உச்சக் காலத்துக்குச் சற்று முந்தியவை: அக்டோபர் 25 வாக்கில் தொடங்கி நவம்பர் இரண்டாம் வாரத் தொடக்கம் வரை. அந்த நாட்களில் கலைமான் தயாராகிவிட்டது, பிணை இன்னும் ஆகவில்லை. அதனால் அது தேடி அலைகிறது; மண்ணைப் பறித்து, மேலே தொங்கும் கிளையை நக்கி, பிணைகள் படுக்கும் இடங்களிலிருந்து காற்று வீசிவரும் பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு பகலிலும் நடக்கிறது. உச்சம் வந்துவிட்டால் ஒரு பிணையோடு ஓரிரு நாள் ஒதுங்கிவிடும். அப்போது நீங்கள் எவ்வளவு நல்ல பரணில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பிணை எங்கே நிற்கிறதோ அங்கேதான் அதுவும் நிற்கும். உச்சக் காலத்தை நம்பிப் போய் இளங்கன்றுகளை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நாட்களில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, சூரசம்ஹாரம் நவம்பர் 7. கந்த சஷ்டி விரதம் இருந்தவர்கள் மிகச் சிறந்த வாரம் முழுவதையும் வீட்டில் கழித்தார்கள். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டவர்கள் அதன்பின் வரவே இல்லை. குறை சொல்லவில்லை. 2025இல் தீபாவளி அக்டோபர் 20 அன்றே வந்துவிடுவதால் விரதமும் அக்டோபருக்குள் முடிந்துவிடும். முருகன் அருளால் நவம்பர் முதல் வாரம் எல்லாருக்கும் கிடைக்கிறது.

பஞ்சாங்கத்தைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று. நவம்பர் 15 பௌர்ணமியை நம்பி விடுப்பை மாற்றிக்கொண்ட உறுப்பினரின் பெயரைச் சொல்ல மாட்டேன். கழுத்துப்பட்டை மாட்டி மான்களின் நடமாட்டத்தை ஆராய்ந்தவர்கள் நிலவுக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதையும் காணவில்லை. விடியலிலும் அந்தியிலும்தான் மான் அதிகம் நடக்கிறது, நிலா எப்படி இருந்தாலும்.

தேதியைச் சரியாகப் பிடித்தும் காற்றைக் கோட்டைவிட்டால் பயன் இல்லை; நம் வாடையை மானிடம் கொண்டுபோவது அதுதான். நம் குத்தகை நிலம் இம்மாநிலத்தின் தென்மேற்கு மலைமடிப்புகளில் இருக்கிறது. காலையில் வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலேறும். மாலையில் நிழல் விழுந்ததும் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, நடுச்சரிவுப் பரணில் இருந்த உறுப்பினர் கீழே ஓடைக்கரையில் கழுத்துத் தடித்த ஒரு கலைமானைப் பார்த்தார். வில் எட்டும் தூரத்துக்கு இன்னும் சில அடிகள்தான். அப்போது சூரியன் எதிர்மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. மான் முன்காலைத் தூக்கியது தூக்கியபடியே நின்று, தலையை உயர்த்தி, ஒருமுறை தரையைத் தட்டியது. அடுத்த கணம் வெள்ளை வாலை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டது. வானிலைச் செயலி அப்போதும் "மேற்குக் காற்று" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. செயலியை நம்பாதீர்கள். நம் ஊர் எருக்குக்கு உறவான மில்க்வீட் செடி வேலியோரம் நிறைய இருக்கிறது. அதன் பஞ்சில் ஒரு இழையைப் பறக்கவிட்டால் அது போகும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பையில் நாலு காயைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பரைத் தவறவிட்டவர்களுக்கு டிசம்பர் இருக்கிறது. இணைகூடும் காலத்தில் கலைமான் சரியாக மேய்வதில்லை, உடல் எடையில் கணிசமான பங்கை இழக்கிறது. பனி விழுந்ததும் அறுக்காமல் விட்ட மக்காச்சோளக் கொல்லையைத் தேடி வெளிச்சம் இருக்கும்போதே வரும். கடுங்குளிர் மாலைகள் இதற்கு ஏற்றவை. ஆள் நடமாட்டம் குறைந்த கொல்லையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அக்டோபர் முதல் பாதியைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை. ஓக் கொட்டைகள் உதிரும் அந்நாட்களில் நிலத்தை மிதித்துக் கெடுக்காமல் இருப்பதே உதவி.

முதிர்ந்தது எது என்பதில் தகராறு வந்ததால் தாடை எலும்புகளைச் சேர்க்கத் தொடங்கினோம். கொம்பின் கிளைகளை எண்ணி வயது சொல்ல முடியாது. கீழ்த்தாடையில் மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று முகடுகள் இருந்தால் அது பால் பல். மானுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயதோ அதற்குக் குறைவோதான். இரண்டு முகடானால் பல் மாறிவிட்டது. அதன்பின் தேய்மானத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். "ஐந்து வயதுக் கிழம்" என்று பெருமையோடு இறக்கப்பட்ட ஒன்றின் தாடையில் மூன்று முகடுகளும் அப்படியே இருந்தன. அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

வயது கூடக் கூட இன்னொரு கவலையும் கூடுகிறது. 2002இல் இம்மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் தேய்வு நோய் (CWD), நம் தென்மேற்குப் பகுதியில்தான் வேரூன்றியிருக்கிறது. முதிர்ந்த ஆண் மான்களில்தான் மிகுதி. கழுத்து நிணநீர்க் கணுக்களை மாநில இயற்கை வளத்துறை கட்டணமின்றிச் சோதிக்கிறது. முடிவு வரும் வரை கறியை உறைபெட்டியில் தனியே வையுங்கள். நோய் உறுதியானால் உண்ண வேண்டாம் என்பதே பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. குழம்பு எவ்வளவு மணத்தாலும் சரி.

புதிய உறுப்பினர்களுக்கு: 1973 ஜனவரி 1 அன்றோ அதன்பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் பெற வேண்டும். பணி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதை நினைவில் வைத்து, முதலில் வில்லிலிருந்து தொடங்குங்கள். வீழ்த்திய மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும்.

2025 பருவத்துக்காகச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: ஓடைக்கரைப் பரண்களுக்கு அக்டோபர் 25க்கு முன் யாரும் போகக் கூடாது; நவம்பர் முதல் இரண்டு வாரங்களுக்கான பரண் ஒதுக்கீடு சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படும்; வடக்குக் கொல்லையின் சோளத்தில் இரண்டு வரிசைகளை அறுக்காமல் விடுமாறு பண்ணை உரிமையாளரிடம் விலை பேசப்படும். துப்பாக்கிப் பருவம் நவம்பர் 22 அன்று தொடங்குகிறது. அன்றைய சமையல் பொறுப்பை ஏற்க இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை.